பாட்டு போட்டா ஏன்டா திரும்புற?

ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் கேட்டான்: "ணா, நீங்க ரா பாக்குறவர்தானே? அந்த WWE ரெஸ்லிங் ஷோ, வாரா வாரம் நெட்ஃபிளிக்ஸ்ல வருதே, நானும் ஆரம்பிக்கலாமா?" பாரு, பாக்காதே என்று ஒரே வார்த்தையில் முடிக்க வேண்டிய விஷயம். டப்பாவில் தயிர்சாதம் வறண்டு போகிற வரை பேசினேன். நிமிர்ந்து பார்த்தால் தம்பி கை கழுவப் போய்விட்டான். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

பயன்பாட்டுக் காலம் சுமார் இருபத்தைந்து வருஷம், நடுவில் சில விடுப்புகளோடு. ரெஸ்லர்கள் படம் போட்ட டிரம்ப் கார்டு விளையாடிய தலைமுறை. ஒவ்வொருத்தன் உயரமும் எடையும் மனப்பாடம், பதிமூணாம் வாய்ப்பாடு மட்டும் கடைசி வரை ஏறவில்லை. அண்டர்டேக்கர் என்ற ரெஸ்லர் ஏழு தடவை செத்துப் பிழைத்தவர் என்று பெரம்பூரில் எங்கள் தெருவே நம்பியது. 2003 செப்டம்பரில் சென்னையில் செட்டாப் பாக்ஸ் முறை வந்து, பெட்டி இல்லாத வீடுகளில் கட்டணச் சேனல்கள் எல்லாம் இருண்டபோது எங்கள் வீட்டில் ரெஸ்லிங்கும் போனது. அப்பா பெட்டி வாங்க மறுத்துவிட்டார். பெட்டி வாங்கிய நண்பன் வீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு, அவன் பாட்டி தூங்கும் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து, சத்தமில்லாமல் பார்த்த காலமும் உண்டு. அனுபவம் போதும் என்று நினைக்கிறேன்.

"எல்லாம் டூப்புதானே?" என்று இந்த இடத்தில் யாராவது கேட்பார்கள். கேட்காமல் இருந்ததில்லை. அம்மாவுக்கு ஊர் வந்தவாசிப் பக்கம். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் ராத்திரி ராத்திரியாகப் பாரதக் கூத்து நடந்து, கடைசியில் படுகளம். துரியோதனனைக் களிமண்ணில் மைதானம் நிறையப் படுக்க வைத்திருப்பார்கள். தொடை பிளந்துதான் அவன் சாகப் போகிறான் என்பது இடுப்பில் இருக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும். இருந்தும் அந்த வெயிலில் கூட்டம் நகராது. முடிவு தெரிந்திருப்பது ஒரு குறையே இல்லை. தெரிந்த முடிவு வந்து சேர வேண்டும், அவ்வளவுதான். பீமன் கதாயுதத்தை ஓங்குகிற நேரம் பார்த்து, முந்தின நாளே செத்துப்போன கர்ணனின் பாட்டை யாரோ போட்டு, பீமன் "யாரது?" என்று திரும்பி, துரியோதனன் அவனைப் பின்னாலிருந்து உருட்டிப் பிடித்து மூன்று எண்ணி ஜெயித்து, "மீதி அடுத்த செவ்வாய்" என்று கட்டியங்காரன் சொன்னால், அவனை ஊர் உயிரோடு விடுமா?

ரா வாரா வாரம் அதைத்தான் செய்கிறது.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பதினைந்து நிமிஷம் இரண்டு பேர் உயிரைக் கொடுத்து அடித்துக்கொள்கிறார்கள். ஒருவன் ஜெயிக்கப் போகிறான், கூட்டம் எழுந்து நிற்கிறது. அப்போது ஸ்பீக்கரில் மூன்றாவது ஒருத்தனின் தீம் மியூசிக், அவன் உள்ளே வரும்போது போடுகிற பாட்டு. ஆள்கூட வர வேண்டியதில்லை, பாட்டு வந்தால் போதும். ஜெயிக்கப் போனவன் கீழே கிடக்கிறவனை அப்படியே போட்டுவிட்டு, கயிற்றருகே போய் நுழைவாயிலைப் பார்த்து இடுப்பில் கை வைத்து நிற்கிறான். பின்னாலிருந்து ஒரு ரோல்-அப், அதாவது ஆளை உருட்டித் தோளைத் தரையில் அழுத்தும் பிடி. நடுவர் எண்ணுகிறார்: ஒன், டூ, த்ரீ. எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்.

இவர்கள் யாரும் போன வார எபிசோடைப் பார்ப்பதே இல்லையா? ஒளிந்திருந்து கவிழ்க்க நினைக்கிறவன் சவுண்டு சர்வீஸ்காரரிடம் முன்கூட்டியே பென் டிரைவ் கொடுத்து வைக்கிறானா? மார்கழி மாதம் எங்கள் தெருக்கோடியில் குழாய் ஸ்பீக்கர் விடியற்காலை நாலரைக்கு அலறுகிறது. ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை, போர்வையை இழுத்துக்கொள்கிறோம். மலை மாதிரி உடம்பு வைத்திருக்கிறவனுக்கு அந்தப் பயிற்சி இல்லை.

ஏன் செய்கிறார்கள் என்பது தெரியாமல் இல்லை. தோற்றவன் ஏமாந்துதானே தோற்றான், அதனால் அவன் மதிப்பு இறங்காது. பாட்டு போட்டவனோடு அவனுக்கு ஒரு புதுப் பகை கிடைக்கும். அந்தப் பகை அடுத்த பெரிய நிகழ்ச்சிக்கு ஒரு மேட்ச் ஆகும். ஒரே பாட்டில் மூன்று வேலை. நிரப்ப வேண்டிய நேரமும் கொஞ்சநஞ்சமில்லை. 1993 ஜனவரியில் தொடங்கியபோது ரா ஒரு மணி நேரம்தான். 1997-ல் இரண்டு ஆனது. 2012 ஜூலையில், ஆயிரமாவது எபிசோடிலிருந்து, மூன்று. நெட்ஃபிளிக்ஸுக்கு வந்த பிறகு நீளம் வாரத்துக்கு வாரம் மாறுகிறது. பந்தியில் ஆள் கூடக்கூட ரசத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். ஊற்றுகிறவன் மேல் எனக்குக் கோபமில்லை, ருசி நல்லாயிருக்கா என்று கேட்கிறானே, அதில்தான்.

பெல்ட் மேட்ச், அதாவது சாம்பியன் பட்டத்துக்கான மேட்ச் என்றால் இன்னும் மோசம். சாம்பியன் டிக்யூவில், அதாவது வெளியாள் குறுக்கே வந்து உதவியது போன்ற விதிமீறலுக்காகத் தோற்றால், பெல்ட் கை மாறாது என்பது விதி. ஆகவே வார நிகழ்ச்சியில் பெல்ட் மேட்ச் என்று அறிவித்தாலே, யார் எந்த நிமிஷத்தில் உள்ளே குதிப்பார் என்று மட்டும்தான் பார்க்க வேண்டும். எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் இதற்கு டீ பந்தயம் உண்டு. பெரும்பாலும் நான்தான் ஜெயிக்கிறேன். அந்த டீ இறங்குவதில்லை.

சரி, நியாயமும் பேச வேண்டும். பாட்டு மேல் குற்றமே இல்லை.

1999 ஜனவரி 4 எபிசோடு. ராக் சாம்பியன், எதிரில் மேன்கைண்ட். ரிங்கைச் சுற்றி இரண்டு கோஷ்டியும் அடித்துக்கொண்டிருக்கும்போது கண்ணாடி உடைகிற சத்தம். ஸ்டோன் கோல்டு என்ற ரெஸ்லரின் பாட்டு அப்படித்தான் தொடங்கும். அவர் வருகிறார், நாற்காலியால் ராக் தலையில் ஒன்று வைக்கிறார், மேன்கைண்டை இழுத்து ராக் மேல் போடுகிறார். பல வருஷம் மேடையிலிருந்தும் கூண்டின் உச்சியிலிருந்தும் விழுந்து விழுந்து உடம்பைப் புண்ணாக்கிக்கொண்ட மனுஷன் அன்றுதான் முதல்முறை சாம்பியன். அந்த எபிசோடு முந்தின வாரமே படம் பிடித்து வைத்தது. எதிர் சேனலில் போட்டிக் கம்பெனியின் ரெஸ்லிங் ஷோ நைட்ரோ ஓடிக்கொண்டிருந்தது. அங்கே வர்ணனையாளர் கிண்டலாக அந்த முடிவைப் போட்டு உடைத்தார். கேட்ட ஜனம் லட்சக்கணக்கில் சேனலை மாற்றி ராவுக்கு வந்தது. முடிவு தெரிந்துதான் வந்தார்கள். படுகளத்தில் வெயிலில் நிற்கிற கூட்டம்தான் அதுவும்.

இன்னொன்று. 2014 ஜூனில் ஒரு திங்கட்கிழமை (நமக்குச் செவ்வாய்) ராவில் ஷீல்டு கோஷ்டியை சேத் ரோலின்ஸ் உடைத்தார். கூட இருந்த ரோமன் ரெயின்ஸின் முதுகில் நாற்காலியால் ஓங்கி ஓர் அடி. பத்து வருஷம் கழித்து, 2024 ஏப்ரலில் ரெஸில்மேனியா 40, வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கும் பெரிய நிகழ்ச்சி. ரோமன் பெல்ட்டைப் பிடித்து 1,316 நாள். எதிரில் கோடி ரோட்ஸ். உசோ அண்ணன் தம்பி, சோலோ, ஜான் சீனா, ராக், அண்டர்டேக்கர் என்று கல்யாண வீட்டுக்கு வருவது போல ஒவ்வொருத்தராக வந்து போனார்கள். நான் திட்டுகிற எல்லாமே அந்த மேட்சில் இருந்தது. நடுவில் பழைய ஷீல்டு உடுப்பைப் போட்டுக்கொண்டு சேத் வந்தார். ரோமன் கையில் நாற்காலி. ஒரு பக்கம் கோடி, ஒரு பக்கம் சேத். கோடியை அடித்தால் பெல்ட் நிற்கும். ரோமன் சேத்தின் முதுகில் அடித்தார். பெல்ட் போனது. பத்து வருஷம் ஒரு அடியை ஞாபகம் வைத்திருந்து திருப்பிக் கொடுக்கத் தெரிந்தவர்கள், போன செவ்வாய் நடந்ததை இந்தச் செவ்வாய் மறந்துவிடுகிறார்கள். எனக்கு எரிவது இதுதான்.

எதிர்பாராத லாபம் ஒன்று உண்டு, அம்மா. ஆங்கிலம் தெரியாது. காலையில் காபியோடு வந்து ஐந்து நிமிஷம் நிற்பார், அப்புறம் உட்கார்ந்துவிடுவார். ரோமன் ரெயின்ஸ் அவருக்கு "ஈரத்தலை". அப்போது அவர் பக்கத்தில் கோட்டு போட்டுக்கொண்டு பெல்ட்டைத் தூக்கித் திரிந்த பால் ஹேமன் "கணக்குப்பிள்ளை". 2023 ஜனவரியில் ராவின் முப்பதாவது ஆண்டு எபிசோடில், வெளியிலிருந்து வந்த சாமி ஜெய்னைத் தன் குடும்பக் கோஷ்டியின் நடுவில் நிறுத்தி ரோமன் விசாரணை வைத்தார். குற்றம் சாட்டுகிறவர் கணக்குப்பிள்ளை. ரோமனின் பங்காளி ஜே உசோ எழுந்து சாமிக்காகப் பேசினார். ஒரு வார்த்தை புரியாமல் அம்மா சொன்னார்: "பங்காளிச் சண்டைல வெளியாள் மாட்டிக்கிட்டான். அந்தத் தம்பி மட்டும்தான் மனசாட்சியோட பேசுறான். ஈரத்தலை இவனையும் ஒருநாள் கழட்டி விடும் பாரு." வர்ணனையாளர்கள் மூன்று மணி நேரம் பேசி விளக்காததை இரண்டு வாய் காபிக்குள் விளக்கிவிட்டார்.

பாட்டு விஷயத்தில் மட்டும் அம்மா என் கட்சி இல்லை. "யாரோ வர்றாங்கன்னு சத்தம் கேட்டா திரும்பத்தான் செய்வான். நம்ம வீட்டு பெல் அடிச்சா நீதான் ஒருநாளும் எழுந்ததில்ல."

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் வழக்கமாகத் திங்கள் இரவு எட்டு மணி என்பது நமக்குக் கோடையில் செவ்வாய் காலை ஐந்தரை. அவர்கள் நவம்பரில் கடிகாரத்தைத் திருப்பி வைத்தால் பெரம்பூரில் எனக்கு ஆறரை ஆகிவிடுகிறது. கோடையில் பால் பாக்கெட் எடுத்து, காபி குடித்து, முழுசாகப் பார்த்துவிட்டுக் குளிக்கப் போகலாம். குளிர்காலத்தில் மெயின் ஈவென்ட் வருகிற நேரத்தில் நான் லோக்கல் ரயிலில் ஒற்றைக் கையில் கம்பி, ஒற்றைக் கையில் போனோடு தொங்கிக்கொண்டிருப்பேன். வியாசர்பாடி ஜீவா தாண்டும்போது மேட்ச் சூடு பிடிக்கும். பேசின் பிரிட்ஜுக்குச் சற்று முன்னால் வண்டி சிக்னலுக்காக நிற்கும். சரியாக அங்கே பாட்டு போடுவார்கள். போன மாதம் "டேய், திரும்பாதடா!" என்று வாய்விட்டே கத்திவிட்டேன். கதவோரம் நின்றிருந்த இரண்டு பேர் திரும்பினார்கள்.

கடைசியாக ஒன்று. மறைத்தால் இந்தப் பகிர்வு யோக்கியமாக இருக்காது. 2025 டிசம்பர் 13, வாஷிங்டனில் ஜான் சீனாவின் கடைசி மேட்ச். நமக்கு ஞாயிறு காலை. அந்த வருஷம் மார்ச்சில் அவரை வில்லனாக்கி, ஆகஸ்டில் ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி நல்லவனாக்கிய கூத்தையெல்லாம் மன்னித்துவிட்டு உட்கார்ந்தேன். எதிரில் குந்தர். ரோல்-அப் இல்லை, டிக்யூ இல்லை, குறுக்கே வந்து யாரும் கெடுக்கவில்லை. குந்தர் கழுத்தைப் பின்னாலிருந்து இறுக்கினார். சீனா தாக்குப்பிடித்தார், தாக்குப்பிடித்தார், அப்புறம் லேசாகச் சிரித்தார். கையைத் தட்டி ஒப்புக்கொண்டார். அரங்கமே கூச்சல் போட்டது.

இத்தனை வருஷம் நான் கேட்ட சுத்தமான முடிவு அதுதான். அந்த இறுக்கத்தில் சீனா கிடந்த நேரம் முழுக்க நான் ரிங்கையே பார்க்கவில்லை. எந்தப் பாட்டாவது வராதா என்று நுழைவாயிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தம்பிக்கு நேற்று பதில் அனுப்பினேன். வேண்டாம். நல்ல சீரியல் நாலு பார், ராத்திரி நன்றாகத் தூங்கு. ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். அந்த இரண்டும் அம்மாவுக்கு. போன வாரமே பதில் சொல்லியிருந்தால் நாலு கொடுத்திருப்பேன், ஆனால் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது.

"சரிணா" என்று போட்டான். இரண்டு நிமிஷம் கழித்து, "சும்மா தெரிஞ்சுக்கதான் ணா, இப்ப அஞ்சரையா ஆறரையா?"

மார்ச் இரண்டாவது ஞாயிறு வரைக்கும் ஆறரை.