பர்னார்ட் விண்மீனும் நானும்: அகச்சிவப்பு வேக அளவீட்டோடு நாலு வருஷம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என்னிடம் தொலைநோக்கி கிடையாது. இருந்தாலும் உட்லண்ட்ஸ் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் ஒன்பதாவது மாடியிலிருந்து அதை வைத்து எதைப் பார்ப்பது? 2016இல் வெளியான உலக ஒளி மாசு வரைபடத்தில் நாடுகளிலேயே ஆக மோசமான இரவு வானம் சிங்கப்பூருக்குத்தான் என்று வந்தது. இங்கே நம் கண் முழுசாக இருட்டுக்குப் பழகுவதே இல்லை. என்னிடம் இருப்பது ஒரு மடிக்கணினி, ஒரு வெளி வன்தட்டு, அதற்குள் ஹவாயி மலையுச்சியில் எடுத்த நிறமாலைகள், அதாவது விண்மீன் வெளிச்சத்தை அலைநீளவாரியாகப் பிரித்த பதிவுகள். அவற்றிலிருந்து விண்மீனின் வேகத்தை அளந்து கோள் தேடுகிறேன். இரவுச் சாப்பாடு முடிந்ததும் இதோடு உட்கார்ந்து நாலு வருஷம் ஆகிவிட்டது. வாங்கிய இரண்டாம் வாரமே புகழ்ந்தோ திட்டியோ எழுதும் ரகம் நானில்லை, அதனால்தான் இவ்வளவு தாமதம்.

புழங்குவது என்ன என்று சொல்லிவிடுகிறேன். மௌனகியா மலையில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 4,200 மீட்டர் உயரத்தில், கனடா-பிரான்ஸ்-ஹவாயி தொலைநோக்கி இருக்கிறது. அதில் 2018இலிருந்து ஸ்பிரூ என்ற நிறமாலைமானி வேலை செய்கிறது. 0.98 மைக்ரானிலிருந்து 2.35 மைக்ரான் வரையுள்ள (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகச்சிவப்பை ஒரே வீச்சில் பிடிக்கும். ஆய்வாளர்களுக்கு உரிய காலம் முடிந்ததும் தரவு கனடாவின் வானியல் தரவு மையத்துக்குப் பொதுவாக வந்துவிடும். காசு கிடையாது. அதிலிருந்து வேகத்தை எடுக்க எல்பிஎல் என்ற பைத்தான் நிரல்தொகுப்பு, அதுவும் இலவசம். நான் எடுத்துக்கொண்ட விண்மீன் பர்னார்ட். 6 ஒளியாண்டு தூரம், வெறும் கண்ணுக்குத் தெரியாத சிவப்புக் குறுமீன், அதாவது சூரியனைவிடச் சின்ன, குளிர்ந்த விண்மீன். ஒரு சின்ன சந்தோஷம் என்னவென்றால், ஜூன் கடைசியில் நள்ளிரவு வாக்கில் அது எங்கள் பிளாக்குக்கு ஏறக்குறைய நேர் மேலே, மூணு நாலு டிகிரி தள்ளித்தான் போகிறது. தெரியாவிட்டால் என்ன, அங்கே இருக்கிறது.

கோள் சுற்றும்போது விண்மீனும் லேசாக ஆடும். நம்மை நோக்கி வந்தால் அதன் நிறமாலைக் கோடுகள் நீலப் பக்கமும், விலகினால் சிவப்புப் பக்கமும் நகரும். வியாழன் சூரியனை ஆட்டுவது விநாடிக்குச் சுமார் 12.5 மீட்டர். பூமி ஆட்டுவது வெறும் 9 சென்டிமீட்டர். 1995இல், சூரியனைப் போன்ற விண்மீனைச் சுற்றுவதாக முதலில் சிக்கிய 51 பெகாசி கோள் தன் விண்மீனை விநாடிக்கு 50 மீட்டருக்கு மேல் ஆட்டியது, அதனால்தான் அகப்பட்டது. சிவப்புக் குறுமீன்கள் எடை குறைந்தவை, சின்னக் கோளுக்கும் நன்றாக ஆடும். அவற்றின் வெளிச்சத்தில் பெரும்பங்கு அகச்சிவப்பு. அதோடு, விண்மீனின் கரும்புள்ளிகள் கோளைப் போலவே நடித்துக் காட்டும் தொல்லை அகச்சிவப்பில் குறையும் என்ற எதிர்பார்ப்பும் உண்டு. இதை நம்பித்தான் ஸ்பிரூ, கார்மெனஸ், டெக்சஸில் எச்.பி.எஃப், சுபாரு தொலைநோக்கியில் ஐ.ஆர்.டி, சிலியில் நிர்ப்ஸ் என்று கருவிகள் வரிசையாக வந்தன.

என் பிழைப்பு துவாஸில். ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைக் கேலிபரேட் செய்யும் பிரிவு. அங்கே அறையை 20 டிகிரியில் வைத்திருக்கவே தினமும் போராட்டம். ஸ்பிரூவின் உட்புறம் மைனஸ் 200 டிகிரி வாக்கில், அதுவும் ஒரு டிகிரியில் ஆயிரத்தில் சில பங்குக்கு மேல் நகராமல் இருக்கிறது என்று படித்தபோது பொறாமையாகத்தான் இருந்தது. அவ்வளவு குளிர் ஏன் என்றால், 2 மைக்ரானைத் தாண்டினால் சாதாரண அறைச் சூட்டில் கருவியே ஒளிர ஆரம்பித்துவிடும். விநாடிக்கு ஒரு மீட்டர் என்பது அந்த உணரியில் ஒரு பிக்சலின் இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நகர்வு. இந்த எண்ணை என் பிரிவில் சொன்னபோது பட்டுக்கோட்டைத் தம்பி ஒருவன், "அண்ணே, இதுக்கு ஓவர்டைம் உண்டா?" என்று கேட்டான்.

முதல் வருஷக் கூத்தைச் சொல்லியாக வேண்டும். பூமி சூரியனைச் சுற்றும் வேகம் விநாடிக்கு 30 கிலோமீட்டர். அதைக் கழிக்காமல் எந்த அளவீடும் செல்லாது. கழிக்க வேண்டிய எண் ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் சுத்தமாக எழுதியிருக்கிறது. நான் என்ன செய்தேன்? நானே கணக்குப் போட்டுப் பார்க்கிறேன் என்று கிளம்பி, அட்டவணையில் இருந்த 2000ஆம் ஆண்டு ஆயங்களை (விண்மீன் வானத்தில் இருக்கும் இடத்தைக் காட்டும் எண்களை) அப்படியே போட்டுவிட்டேன். வரைபடத்தில் அழகான ஓர் அலை. காலம் 365 நாள், வீச்சு விநாடிக்குப் பத்து மீட்டருக்கு மேல். அன்றைக்குத் தூக்கமில்லை. காலையில் பெருவிரைவு ரயிலில், உட்லண்ட்ஸைத் தாண்டுவதற்குள் உறைத்தது: 365 நாள் என்பது நம் வருஷம் அல்லவா! பர்னார்ட் விண்மீன் வானத்தில் ஆண்டுக்கு 10.3 வில்விநாடி (ஒரு டிகிரியில் 3,600இல் ஒரு பங்குதான் ஒரு வில்விநாடி) நகர்கிறது. நமக்குத் தெரிந்த விண்மீன்களில் அவ்வளவு வேகமாக நகர்வது வேறில்லை. இருபது வருஷத்தில் அது எங்கேயோ போயிருக்க, நான் பழைய வீட்டு முகவரியை வைத்துப் பூமியின் வேகத்தைக் கழித்துக்கொண்டிருந்தேன்.

அதைச் சரி செய்த பிறகும் ஒரு சாய்வுக்கோடு மிஞ்சியது. ஆண்டுக்கு விநாடிக்கு 4.5 மீட்டர் ஏற்றம். தூரத்துப் பெரிய கோளோ என்று மறுபடியும் நெஞ்சு அடித்துக்கொண்டது. அதுவும் இல்லை. விண்மீன் நம்மைக் கடந்து போகும் கோணம் மாறுவதால் மட்டுமே வரும் ஏற்றம் அது. புத்தகத்தில் இருக்கிற விஷயம்தான். படித்திருந்தால் மூணு வாரம் மிச்சம்.

அப்புறம்தான் உண்மையான எதிரி. நீராவி. சிங்கப்பூரில் கேமரா வைத்திருக்கும் எல்லார் வீட்டிலும் ஒரு ட்ரை கேபினட் இருக்கும், இல்லையென்றால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். அகச்சிவப்பு வானியல் இந்த ஊர்க் காற்றில் நினைத்துப் பார்க்கவே முடியாத காரியம். 1.4 மைக்ரான், 1.9 மைக்ரான் பக்கங்களில் நீராவி வெளிச்சத்தை மொத்தமாக விழுங்கிவிடும். அவ்வளவு உயரத்திலும் மிச்சம் இருக்கிறது. நீராவிக் கோடுகளைக் கழித்த கோப்புகளையும் தரவு மையத்தில் தருகிறார்கள், ஆனால் கழித்த இடத்தில் தழும்பு இருக்கும். ஒரு வருஷக் கோப்புகளை வரிசையாக அடுக்கிப் படம் போல ஓட்டிப் பார்த்தேன். காற்றின் கோடுகள் தூண் மாதிரி நிற்கின்றன. விண்மீனின் கோடுகள் அவற்றுக்கிடையே இடமும் வலமும் இருபதுக்கும் மேற்பட்ட பிக்சல்கள் போய் வருகின்றன. பூமியின் ஓட்டம்தான் அது. ஒரு நல்ல கோடு மார்ச்சில் சுத்தமாக இருக்கும், ஜூலையில் போய் ஒரு நீராவித் தழும்பின் மேல் உட்கார்ந்துகொள்ளும். இந்தப் படத்தை என் மனைவிக்குக் காட்டினேன். "நாலு மாசத்துக்கு ஒருதரம் நீங்க ஊருக்குப் போயிட்டு வர்ற மாதிரி இருக்குங்க" என்றாள்.

எல்பிஎல் எனக்குப் பிடித்துப்போனது இங்கேதான். வழக்கமான முறையில் முழு நிறமாலையையும் ஒரு மாதிரியோடு வைத்து ஒட்டுமொத்தமாகப் பொருத்துவார்கள். ஓரிடத்தில் தழும்பு இருந்தாலும் விடை மொத்தமும் சாயும். எத்தியேன் ஆர்த்திகோ குழுவினர் 2022இல் வெளியிட்ட இந்த முறையில், ஆயிரக்கணக்கான கோடுகளில் ஒவ்வொன்றையும் தனியே விசாரித்து வேகம் கேட்கிறார்கள். ஊரோடு ஒத்துப்போகாமல் உளறும் கோட்டின் சாட்சிக்கு மதிப்பு தானாகக் குறைந்துவிடும். அவர்கள் கட்டுரையிலேயே பர்னார்ட் விண்மீனுக்கு ஸ்பிரூ தரவில் விநாடிக்கு 2.5 மீட்டர் வாக்கில் சிதறல் (அளவீடுகள் ஒன்றுக்கொன்று விலகும் அளவு) காட்டினார்கள். என் கைக்கு மூணு மீட்டருக்குக் கீழே வரவே இல்லை. கோட்டின் அகலம் எவ்வளவு மாறியது என்பதையும் சேர்த்துத் தருவது பெரிய உதவி. விண்மீனின் கரும்புள்ளிச் சேட்டையை அதில் பிடிக்கலாம். குறை என்றால், ஒரு தடவை முழுசாக ஓட என் பழைய மடிக்கணினிக்கு ஓர் இரவு போதாது. மின்விசிறியின் சத்தத்துக்கு மகள் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

சரி, கோள்? 2018இல் பர்னார்டுக்கு 233 நாள் கோள் ஒன்று அறிவித்தார்கள், பூமியைப் போலக் குறைந்தது 3.2 மடங்கு நிறை, ஆட்டம் விநாடிக்கு 1.2 மீட்டர். 2021இல் எச்.பி.எஃப்பின் அகச்சிவப்பு அளவீடுகளையும் சேர்த்துப் பார்த்தவர்கள், அது கோளே இல்லை, விண்மீனின் சுழற்சி போட்ட வேஷம் என்றார்கள். கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். விண்மீன் தன்னைத்தானே சுற்ற ஏறக்குறைய 145 நாள், சில நாள் முன்னே பின்னே. 145இன் தலைகீழிலிருந்து 365இன் தலைகீழைக் கழித்து, மறுபடி தலைகீழாக்குங்கள். 240 பக்கம் வரும். 145க்குப் பதில் 142 போட்டால் 233க்கு மிக அருகே வந்து நிற்கும். வருஷத்தில் ஒரு பகுதி விண்மீன் பகலில் மறைந்து கிடப்பதால் அளவீட்டில் விழும் ஓட்டைதான் இந்த மாயத்தைச் செய்கிறது. கோப்பிக்கடையில் தே-ஓ கோசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) ஆறுவதற்குள் கைபேசியில் இந்தக் கணக்கைப் போட்டு முடித்தேன். நாலு வருஷத்தில் எனக்குக் கிடைத்த மிக நல்ல பத்து நிமிஷம் அது.

என் வரைபடத்திலும் 233 எழவில்லை. ஆனால் மூணு மீட்டர் சிதறலை வைத்துக்கொண்டு 1.2 மீட்டர் சைகை இல்லை என்று அடித்துச் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது.

மூக்குடைந்தது 2024இல். எஸ்பிரெஸ்ஸோ கருவி, அதுவும் கண்ணுக்குத் தெரியும் காட்சி ஒளியில், 3.15 நாள் கோள் ஒன்றைப் பிடித்தது. ஆட்டம் விநாடிக்கு அரை மீட்டர்தான். 2025 மார்ச்சில் மரூன்-எக்ஸ் என்ற கருவியின் அளவீடுகளையும் சேர்த்து மொத்தம் நாலு கோள், எல்லாம் ஏழு நாளுக்குள் சுற்றுபவை. மரூன்-எக்ஸ் பார்ப்பதும் காட்சி ஒளியையும் அதன் சிவப்பு ஓரத்தையும்தான், 0.92 மைக்ரானோடு நின்றுவிடும். ஆக நாலு கோளின் ஆட்டமும் என் வன்தட்டிலேயே கிடந்திருக்கிறது, மூணு மீட்டர் சிதறலில் என் காதில்தான் விழவில்லை. கார்மெனஸ் குழு 2018லேயே 324 குறுமீன்களை வைத்துச் சொன்ன விஷயம் இது: மிகக் குளிர்ந்தவை தவிர மற்றவற்றுக்கு வேகத் துல்லியம் நன்றாகக் கிடைப்பது 0.7 முதல் 0.9 மைக்ரான் வரை. வெளிச்சம் அகச்சிவப்பில் அதிகம்தான், ஆனால் கூர்மையான கோடுகள் அங்கே குறைவு. காந்தப்புலம் கோடுகளைப் பிளக்கும் விளைவும் அலைநீளம் கூடக் கூடப் பெருகும். விளம்பரத்தில் இதையெல்லாம் சின்ன எழுத்தில் போடுவார்கள்.

ஆகவே என் கருத்து: கோள் தேடும் ஆசையில் அகச்சிவப்பை மட்டும் நம்பி இறங்காதீர்கள். பொய்க்கோளைக் கழிக்க இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. ஏ.டி. லியோனிஸ் விண்மீனில் 2.23 நாள் கோள் என்று 2018இல் பேச்சு வந்தது. உண்மையான கோள் என்றால் எந்த நிறத்தில் அளந்தாலும் ஆட்டம் ஒன்றாக இருக்க வேண்டும். 2020இல் காட்சி ஒளியையும் அகச்சிவப்பையும் ஒரே நேரத்தில் அளந்தபோது, முதலாவதில் தெளிவாக இருந்த ஆட்டம் இரண்டாவதில் இல்லை. கோள் போயிற்று. வெறும் அகச்சிவப்பிலேயே தேடிக் கிடைத்தவையும் இல்லாமல் இல்லை, 2022இல் ஐ.ஆர்.டி கண்ட ராஸ் 508இன் 10.8 நாள் கோள் அப்படி வந்தது. அந்த விண்மீன் பர்னார்டைவிட மங்கலானது, அகச்சிவப்புக்கு ஏற்ற ஆள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் தரவை இறக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஸ்பிரூ ஒரு விண்மீனை ஒரு தடவை பார்த்தால் பெரும்பாலும் நாலு கோப்பு வரும், முனைவாக்கம் (ஒளி அலை அதிரும் திசை) அளக்க நாலு முறை எடுப்பார்கள். அந்த நாலையும் நாலு தனி இரவு மாதிரி எண்ணிக்கொண்டு என் பிழையைப் பாதியாக்கிக் காட்டி நான் ஒரு மாதம் மகிழ்ந்திருந்தேன். இரவுக்கு ஒரு புள்ளி என்று சேர்த்துவிடுங்கள். தலைப்பில் இருக்கும் பூமி வேகத்தை நம்புங்கள்.

போன வாரம் ஏ.டி. லியோனிஸின் ஸ்பிரூ கோப்புகளை இறக்கத் தொடங்கினேன். பாதியில் வன்தட்டு நிறைந்துவிட்டது. பர்னார்டை அழிக்க மனசு வரவில்லை, சனிக்கிழமை கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்கொயர் போய் இன்னொன்று வாங்கிவர வேண்டும்.