விசுவாசத்தின் மீதான கேள்விகள்: திருமலையில் நடந்த ஒரு மாலை வகுப்புத் தொடர் பற்றிய மதிப்பீடு

திருகோணமலை நகரிலுள்ள ஒரு கத்தோலிக்கப் பங்கின் மண்டபத்தில் அண்மையில் மாலை வகுப்புத் தொடர் ஒன்று நடந்து முடிந்தது. கிறிஸ்தவ நம்பிக்கைக்கு எதிராக வழமையாக எழுப்பப்படும் ஆட்சேபங்களை ஒவ்வொன்றாக எடுத்து விடை கூறுவதே அதன் நோக்கம் என்று அறிவித்தல் பலகையில் போட்டிருந்தார்கள். கிழமைக்கு ஒரு மாலை, கட்டணம் இல்லை, கையேட்டுக்கு மட்டும் அச்சுச் செலவைக் கொடுக்க வேண்டும். வெளி மாவட்டத்திலிருந்து வந்த குருவானவர் ஒருவரும், இவ்வூர்ப் பாடசாலையொன்றில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியை ஒருவரும் மாறி மாறி நடத்தினார்கள். நான் பிறப்பால் கத்தோலிக்கன். தாய்வழி உறவில் பாதிப்பேர் சைவர்கள். வேலைத்தலத்தில் பக்கத்து மேசையில் இருப்பவர் கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம். இந்தக் கேள்விகளைக் கல்யாண வீடுகளிலும் தேநீர் இடைவேளைகளிலும் கேட்டுப் பழகிய ஒருவன் என்ற முறையிலேயே இந்தத் தொடரை மதிப்பிடுகிறேன்.

தொடரில் ஆகச் சிறந்தது, விவிலியத்தின் நம்பகம் பற்றி ஆசிரியை நடத்திய அமர்வு. மூலத்தைத் திருத்திவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு எங்கள் மாவட்டத்தில் இரு பக்கத்திலிருந்து வருகிறது: முஸ்லிம் அயலவர்களிடமிருந்து அவர்களுடைய சமயப் போதனையின் வழியாகவும், எங்கள் பிள்ளைகளிடமிருந்தே யூடியூப் காணொளிகளின் வழியாகவும். ஆசிரியை எடுத்த எடுப்பிலேயே எதிராளிக்குச் சார்பான சான்றுகளை மேசையில் வைத்தார். மாற்கு நற்செய்தியின் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள் 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகள் இரண்டிலும் இல்லை. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைப் பற்றி யோவான் நற்செய்தியில் வரும் புகழ்பெற்ற பகுதி மிகப் பழைய பிரதிகளில் இல்லை. இன்றைய பதிப்புகள் பலவும் அதை அடைப்புக்குறிக்குள் இடுகின்றன. பல ஆண்டுகள் பூசைக்குப் போய்வந்தவர்களில் எத்தனை பேர் அந்த அடைப்புக்குறியைக் கவனித்திருப்பார்கள் என்று அவர் கேட்டபோது மண்டபத்தில் ஒருவரும் கை தூக்கவில்லை.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பின்னரே அவர் விடைக்கு வந்தார். இந்த வேறுபாடுகள் நமக்குத் தெரியவருவதே பிரதிகள் ஏராளமாகவும் பல நாடுகளில் சிதறியும் கிடைத்திருப்பதால்தான். புதிய ஏற்பாட்டுக்குக் கிரேக்கத்தில் மட்டும் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகளும் துண்டுகளும் உண்டு. எகிப்திலும் சிரியாவிலும் ரோமிலும் பரவிக் கிடந்தவற்றை எல்லாம் திரட்டி ஒரே விதமாகத் திருத்தக்கூடிய அதிகாரம் ஆரம்ப நூற்றாண்டுகளில் எவரிடமும் இருக்கவில்லை. மன்செஸ்டர் நூலகத்தில் உள்ள யோவான் நற்செய்தித் துண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவினது. அதை 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாக அறிஞர்களிற் பெரும்பாலோர் கொள்கிறார்கள். 1947இல் சாக்கடலை அண்டிய கும்ரான் குகைகளில் சுருள்கள் வெளிப்படத் தொடங்கியபோது கிடைத்த ஏசாயா சுருள், அதுவரை கையிலிருந்த எபிரேயப் பிரதிகளைவிட ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பழையது. எழுத்துக்கூட்டலிலும் சொற்களிலும் சிறு வேறுபாடுகள் பல இருந்தும் நூல் அதே நூலாகவே இருந்தது. கடைசியில் அவர் சொன்ன ஒரு எச்சரிக்கைதான் என்னை அவர் பக்கம் முழுமையாகச் சாய்த்தது: படியெடுத்தவர் ஒழுங்காகப் படியெடுத்தார் என்பதால் எழுதியவர் சொன்னது உண்மை என்று ஆகிவிடாது, இன்று நாங்கள் முதற் கேள்விக்கு மட்டுமே விடை சொல்லியிருக்கிறோம் என்றார். இவ்வகை வகுப்புகளில் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்பவர்கள் அரிது.

நற்செய்திகள் நான்கையும் 325இல் நிசேயா சங்கத்தில் கொன்ஸ்தந்தீன் மன்னன் வாக்கெடுப்பு நடத்தித் தெரிவுசெய்தான் என்ற பரவலான கதையை அவர் சில நிமிடங்களில் முடித்துவிட்டார். அந்தச் சங்கம் கூடியது, இயேசு பிதாவுக்குச் சமமானவர் அல்லர் என்ற ஆரியுஸ் என்பவரின் போதனை பற்றித் தீர்மானிக்க. நான்கு நற்செய்திகள் என்ற கணக்கை அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முன்னரே லியோன் நகர் ஆயர் இரனேயு எழுதிவிட்டார். இதற்கு அதற்குமேல் நேரம் தேவையில்லைதான்.

உயிர்ப்பு பற்றிய அமர்வைக் குருவானவர் எடுத்தார். அங்கே தரம் இறங்கியது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம் ஏறக்குறைய 55ஆம் ஆண்டளவினது என்பதும், அதன் 15ஆம் அதிகாரத்தில் அவர் தாம் பெற்றுக்கொண்டதாகச் சொல்லும் அறிக்கை அதற்கும் முந்தியது என்பதும், பெண்களின் சாட்சியத்துக்கு மதிப்புக் குறைவாயிருந்த ஒரு சமூகத்தில் வெறுங்கல்லறையைக் கண்ட முதற் சாட்சிகளாகப் பெண்களையே நற்செய்தியாளர்கள் காட்டுவதும் வலுவான செய்திகள். அவற்றோடு நிறுத்தியிருக்கலாம். ஐந்நூறு பேர் கண்டார்கள் என்பதை ஐந்நூறு தனித்தனி வாக்குமூலங்கள் கையில் இருப்பதுபோல அவர் பேசியது சரியல்ல. நம்மிடம் இருப்பது ஐந்நூறு பேர் கண்டதாக ஒருவர் எழுதிய கூற்று. கிண்ணியாவிலிருந்து வந்திருந்த இளைஞர் ஒருவர், ஈசா நபி சிலுவையில் கொல்லப்படவில்லை என்ற குர்ஆனின் கூற்றை (4:157) முன்வைத்தபோதும் குருவானவர் அவசரப்பட்டார். ஆசிரியைதான் எழுந்து, தசித்து என்ற ரோம வரலாற்றாசிரியர் 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிலாத்துவின் காலத்து மரண தண்டனையைக் குறிப்பிடுவதைச் சொன்னார். வரலாற்றுச் சான்றால் பேசுவது ஒரு வழி, இறைவாக்கு என்று ஏற்றதிலிருந்து பேசுவது இன்னொரு வழி, இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது என்று மரியாதையோடு விளக்கினார். இளைஞர் உடன்படவில்லை, ஆனால் அடுத்த கிழமையும் வந்தார்.

துன்பம் பற்றிய அமர்வுக்கு வந்த கூட்டம் அதிகம். கதிரை போதாமல் விறாந்தையிலும் இருந்தார்கள். கையேடு இங்கே ஐரோப்பியக் கையேடாகவே இருக்கிறது. 1755ஆம் ஆண்டு சகல புனிதர் திருவிழாவன்று, மக்கள் கோயில்களில் நிறைந்திருந்த வேளையில் லிஸ்பன் நகரை நிலநடுக்கமும் கடலும் தீயும் அழித்ததையும், அது அக்காலச் சிந்தனையாளர்களை உலுக்கியதையும் இரண்டு பக்கங்களில் விவரித்துவிட்டு, 2004 மார்கழி 26இன் ஆழிப்பேரலையை ஒரே வரியில் கடந்துவிடுகிறது. கிறிஸ்மஸுக்கு மறுநாள், ஞாயிறு காலையில், கிண்ணியாவின் வைத்தியசாலையையும் மூதூரின் கரையையும் கடல் எடுத்துக்கொண்டதைக் கண்ட ஊரில் இந்தக் கையேட்டை விநியோகிப்பவர்கள் அந்த ஒரு வரியை ஒரு தடவை வாசித்துப் பார்த்திருக்க வேண்டும்.

நல்லவேளையாகக் குருவானவர் கையேட்டை மூடிவைத்துவிட்டுப் பேசினார். மனிதனுக்குக் கடவுள் தந்த சுயாதீனமே தீமைக்கு வழி என்ற வாதம் 2019 சித்திரை 21இல் கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களில் வெடித்த குண்டுகளுக்கு ஓரளவு பொருந்தும். அலைக்குப் பொருந்தாது என்று அவரே சொன்னார். நிலத்தட்டுகளின் அசைவின்றி உயிர்கள் வாழத்தக்க பூமி உருவாகியிருக்காது என்ற விஞ்ஞான விளக்கத்தையும் தந்தார். அது உண்மையாகவே இருக்கலாம். பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் சொல்லக்கூடிய பேச்சல்ல. பிறகு அவர் எடுத்த இடம் லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரம். சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்று இயேசுவே பதில் சொல்லும் பகுதி அது. இறந்தவனின் மேல், அல்லது அவனுடைய முற்பிறப்பின் மேல், அல்லது அவனுடைய தாய் தகப்பனின் மேல் பழியைப் போடும் எந்த விளக்கத்தையும் கிறிஸ்தவம் ஏற்கக் கூடாது என்பதே அதன் பொருள் என்று அவர் சொன்னதை நான் முன்னர் இவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை. இந்தப் பேரழிவு எங்கள் பாவத்தின் சம்பளம் என்று அந்த நாட்களில் பிரசங்கம் செய்தவர்களுக்கும் அது மறுமொழிதான். நிலாவெளிப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் எழுந்து, "பாதர், விளக்கம் இல்லை என்று சொல்லத்தான் இவ்வளவு நேரம் எடுத்தீங்களா?" என்று கேட்டார். "ஓம். அதற்குமேல் விளக்கினால் யோபுவின் நண்பர்கள் விட்ட பிழையை நானும் விடுவேன்" என்றார் குருவானவர். யோபுவின் துன்பத்துக்கு அவருடைய பாவமே காரணம் என்று விளக்கிய அந்த நண்பர்களைத்தான் யோபு நூலின் முடிவில் கடவுள் கடிந்துகொள்கிறார் என்பது தெரிந்தவர்களுக்கு அந்த ஒரு வசனம் போதுமானதாக இருந்தது.

கிறிஸ்தவம் வாளோடு வந்தது என்ற ஆட்சேபத்துக்கு ஒதுக்கிய மாலையில் சிலுவைப் போர்களும் ஸ்பானிய விசாரணை மன்றமும் நீண்ட நேரம் பேசப்பட்டன. அந்த மண்டபத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் பிரட்ரிக் கோட்டை இருக்கிறது. 1620களில் போர்த்துக்கேயர் சுவாமி மலையிலிருந்த கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினார்கள் என்பதும், ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய அந்தத் தலத்துக்கு 1963இல்தான் மீண்டும் குடமுழுக்கு நடந்தது என்பதும் இந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். ஓய்வுபெற்ற சைவ ஆசிரியர் ஒருவர் நேராகவே கேட்டார்: "ஜெருசலேம் கதை இருக்கட்டும் பாதர், எங்கட கோயிலை ஏன் உடைச்சவங்கள்?" குருவானவர், அது போர்த்துக்கேய அரசின் செயல், திருச்சபையின் செயல் அல்ல என்றார், பின்னர் வந்த ஒல்லாந்தர் கத்தோலிக்கரையும் ஒடுக்கினார்கள் என்றும், 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்து மறைந்து வாழ்ந்து பணியாற்றிய யோசவ் வாஸ் அடிகளுக்குப் பின்னால் எந்தப் படையும் இருக்கவில்லை என்றும் சேர்த்தார். யோசவ் வாஸ் பற்றிச் சொன்னது உண்மை. இந்நாட்டுக் கத்தோலிக்கம் பீரங்கியால் மட்டும் நிலைத்தது என்ற எண்ணத்துக்கு அது நல்ல மறுப்பு. அரசு வேறு, சபை வேறு என்ற விடையோ நிற்காது. கீழைநாடுகளில் சபையின் காரியங்களை நடத்தும் உரிமையைப் போர்த்துக்கேய அரசருக்குத் தந்தவர்கள் பாப்பரசர்களே.

இங்கும் ஆசிரியையே கைகொடுத்தார். 2000 பங்குனி 12ஆம் திகதி இரண்டாம் யோவான் பவுல் பாப்பரசர் உரோமையில், உண்மையின் பெயரால் செய்யப்பட்ட வன்முறைக்காகவும் பிற மக்களின் பண்பாட்டையும் சமயத்தையும் அவமதித்ததற்காகவும் வெளிப்படையாக மன்னிப்பு வேண்டியதை அவர் நினைவூட்டினார். "ஐயா கேட்டது ஆட்சேபமில்லை, அதற்கு நாங்கள் பட்ட கடன் இருக்கிறது" என்றார். ஓய்வுபெற்ற ஆசிரியர் தலையசைத்துவிட்டு இருந்தார். கையேட்டின் அடுத்த பதிப்பில் கோணேசர் கோயிலுக்கு ஒரு பக்கமாவது ஒதுக்காவிட்டால் இந்த அமர்வை நடத்தாமலே விடலாம்.

மறுபிறப்புப் பற்றிய அமர்வு தொடரின் பலவீனமான பகுதி. சைவம் எல்லாவற்றையும் தலைவிதி என்று விட்டுவிடுகிறது, கிறிஸ்தவத்திலோ அருள் உண்டு என்ற வகையில் குருவானவர் பேசினார். ஆணவம், கன்மம், மாயை என்ற மும்மலங்களும் நீங்கி உயிர் ஈடேறுவது இறைவனின் திருவருளால்தான் என்பது சைவ சித்தாந்தத்தின் நடுநாயகமான கொள்கை. கன்மமும்கூட அங்கே இறைவன் கூட்டுவித்தாலன்றித் தானாக இயங்காத ஒன்று. இது தெரியாமல் சொல்லப்படும் விடை சைவரிடம் செல்லாது. தமிழில் இந்தக் கண்டன மரபுக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாரோடு வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்தவர்; அந்த அறிவோடுதான் 1854இல் சைவ தூஷண பரிகாரத்தை எழுதி, மிஷனரிமார் பழித்த கோயில் வழிபாட்டு முறைகளுக்கு ஒப்பானவை பழைய ஏற்பாட்டிலேயே இருப்பதை எடுத்துக்காட்டினார். நாவலர் விவிலியத்தை அறிந்திருந்த அளவில் நாலில் ஒரு பங்கு சைவத்தை அறிந்துகொண்டுதான் இந்த அமர்வை நடத்த வர வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பது அதிகமல்ல.

விஞ்ஞானம் பற்றிய மாலை வழமையான ஒன்று. கலிலேயோவை 1633இல் தண்டித்ததை ஒப்புக்கொண்டு, விரிவடையும் பிரபஞ்சம் பற்றி 1927இல் எழுதிய லெமெய்த்தர் ஒரு கத்தோலிக்கக் குரு என்று சொல்லி முடித்தார்கள். உயர்தர விஞ்ஞான மாணவர்களுக்குப் புதிதாக ஒன்றும் இருக்கவில்லை.

ஏற்பாடுகளைப் பொறுத்தவரை குறை குறைவு. பெயர் எழுதாமல் கேள்வித் துண்டு போடுவதற்கு வைத்திருந்த பெட்டி நல்ல யோசனை. கூச்சப்படும் பிள்ளைகளும் கணவரோடு வந்த பெண்களும் அதனாலேயே கேட்டார்கள். ஆனால் அந்தத் துண்டுகளை வாசிப்பதற்குக் கடைசிப் பத்து நிமிடமே ஒதுக்கப்பட்டதால் பாதிக்கு மேல் வாசிக்கப்படாமலே போயின. ஒலிவாங்கி விறாந்தையில் இருந்தவர்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை. கையேடு சுத்தமான அச்சு. தமிழ்தான் இறுக்கமானது, வேற்று மொழியிலிருந்து பெயர்த்தது என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. பேதுருவின் முதல் திருமுகத்தில் விசுவாசத்துக்கு விளக்கம் கேட்பவர்களுக்குச் சாந்தத்தோடும் மரியாதையோடும் பதில் சொல்லுங்கள் என்று வருவதை முதற் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, 12ஆம் பக்கத்தில் நாத்திகரை அறிவிலிகள் என்று எழுதியிருப்பதையும் யாராவது திருத்த வேண்டும்.

இத்தொடரை மீண்டும் நடத்தும் எண்ணம் இருப்பதாக ஏற்பாட்டாளர்கள் சொல்கிறார்கள். நேரம் குறைந்தவர்கள் விவிலியம் பற்றிய மாலைக்கும் துன்பம் பற்றிய மாலைக்கும் போனால் போதும். இரண்டும் பயணச் செலவுக்கு மேலான பெறுமதி உள்ளவை. சாதாரண தரம் முடித்த பிள்ளைகளைக் கூட்டிச் செல்லலாம், அதற்குக் கீழானவர்களுக்குப் பொருந்தாது. மறுபிறப்பு பற்றிய அமர்வுக்கு அந்த ஓய்வுபெற்ற ஆசிரியரையே பக்கத்தில் இருத்திப் பேசவிடும்படி கேள்விப் பெட்டியில் ஒரு துண்டு போட்டிருக்கிறேன். அது வாசிக்கப்பட்டதாகத் தெரியவில்லை.