பொக்சைட் சுரங்கமா, பழைய அலுமினியமா?

கொழும்பில் புதுக் கட்டிடம் என்றால் அலுமினிய ஜன்னல்தான். அந்த உலோகம் வர வழி இரண்டு.

சுரங்க வழியில் 1 தொன் அலுமினியத்துக்குச் சுமார் 4 தொன் பொக்சைட், அதாவது அலுமினியம் அடங்கிய தாது, வேண்டும். அதை அலுமினா என்ற வெள்ளைத் தூளாக்கி உலோகம் பிரிக்க ஏறக்குறைய 14,000 யூனிட் கரன்ட் போகும். மிஞ்சும் செஞ்சேறு தோலை எரிக்கும் காரம். 2010இல் ஹங்கேரியில் அதன் தேக்கம் உடைந்து 10 பேர் இறந்தார்கள்.

பழைய சாமான் கடையில் குவியும் நெளிந்த சட்டியையும் ஜன்னல் சட்டத்தையும் உருக்க, அந்தச் சக்தியில் 5 சதவீதமளவு போதும். ஆனால் என்ஜின் துண்டு கலந்தால் அதிலுள்ள சிலிக்கன் சேர்ந்துவிடும். பிறகு ஜன்னல் சட்டத்துக்கு உதவாது. தரம் பிரிப்பதில்தான் பாதி வேலை.

உலகத் தேவைக்குப் பழசு மட்டும் காணாது, சரி. கினியாவும் அவுஸ்திரேலியாவும் தோண்டட்டும். கரன்ட் பில்லைப் பார்த்துப் பயப்படும் நமக்குப் பழைய சட்டிதான் தோது.