கோப்பைத் திறந்துவிடுவதா, படிவம் போதுமா? கேம் சர்வர் பேனலில் வாடிக்கையாளருக்கான அமைப்புகள்

கேம் சர்வர்களை வாடகைக்கு விடுபவர் எவரும் ஒருநாள் முடிவெடுத்தே ஆகவேண்டிய விஷயம் ஒன்று உண்டு: சர்வர் அமைப்புகளை வாடிக்கையாளர் தாமே மாற்றிக்கொள்ள எந்த வழியைத் திறந்துவிடுவது? அமைப்புக் கோப்பையே பேனலின் (சர்வரை உலாவியிலிருந்தே நிர்வகிக்கும் பக்கத்தின்) எடிட்டர் வழியாகவோ, கோப்புகளை அனுப்பிப் பெறும் எஸ்எஃப்டிபி வழியாகவோ அவர் கையில் கொடுத்துவிடலாம். தேர்ந்தெடுத்த சில அமைப்புகளை மட்டும் படிவமாகக் காட்டலாம். அல்லது கோப்பைத் திறந்துவிட்டு, அதிலுள்ள குறிப்பிட்ட சில வரிகளை மட்டும் சர்வர் தொடங்கும் ஒவ்வொரு முறையும் பேனலே திருத்தி எழுதும்படி செய்யலாம். டெரோடாக்டில் பேனலில் மூன்றுக்கும் இடமிருப்பதால் அதையே முன்வைத்துப் பார்க்கிறேன்.

கோப்பை முழுதாகத் திறந்துவிடுவதன் பெரிய பலம், எதுவும் விடுபடாது என்பதுதான். ‘மாட்’ எனப்படும் கூடுதல் நிரல்கள் நிறைந்த மைன்கிராஃப்ட் சர்வரில் பெரும்பாலான மாட்கள் தமக்கெனத் தனி அமைப்புக் கோப்பை வைத்திருக்கும். அத்தனைக்கும் படிவம் செய்ய எவராலும் முடியாது. ஆனால் கோப்பின் குணம் கேமுக்குக் கேம் மாறும். பால்வேர்ல்டு தன் அமைப்புகள் அனைத்தையும் ஒரே நீண்ட வரியில், ஓர் அடைப்புக்குறிக்குள் காற்புள்ளியிட்டு அடுக்கி வைத்திருக்கிறது; அதில் ஒரு குறி தவறினால் கண்ணால் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. ஆர்க் இன்னும் வம்பு பிடித்தது. சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் கேம்யூசர்செட்டிங்ஸ் கோப்பைத் திருத்திச் சேமித்தால், நிறுத்தும்போது அது தன் நினைவிலிருக்கும் பழைய மதிப்புகளையே மேலே எழுதிவிட்டுப் போகும். வாடிக்கையாளர் முறைப்படி சேமித்தும் மாற்றம் காணாமல் போவது இப்படித்தான்.

படிவம் இந்தத் தவறுகளை வாசலிலேயே நிறுத்துகிறது. டெரோடாக்டிலில் ஒரு கேமுக்கான வார்ப்பை ‘எக்’ என்கிறார்கள். அதில் வரும் ஒவ்வொரு மாறிக்கும் வாடிக்கையாளர் அதைப் பார்க்கலாமா, திருத்தலாமா என்று தனித்தனியே குறிக்கலாம், ஏற்கத்தக்க மதிப்புகளுக்கு விதியும் எழுதலாம். மைன்கிராஃப்டின் பார்வைத் தூரத்தை, அதாவது ஆட்டக்காரரைச் சுற்றி எவ்வளவு உலகைச் சர்வர் அனுப்பும் என்ற அளவை எடுத்துக்கொள்வோம். இயல்பு மதிப்பான 10 என்பது ஓர் ஆட்டக்காரரைச் சுற்றி 21-க்கு 21, அதாவது 441 சங்க்குகள் (உலகின் சதுரத் துண்டுகள்). உச்சமான 32 என்றால் 65-க்கு 65, அதாவது 4,225. எண் மூன்று மடங்கைச் சற்றே தாண்டும்போது சுமை ஏறக்குறைய பத்து மடங்காகிவிடுகிறது என்பதை வாடிக்கையாளர் அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதைவிட, 3 முதல் 12 வரை மட்டும் ஏற்கும் ஒரு கட்டத்தை வைப்பது இருவருக்கும் நல்லது.

படிவத்துக்கும் விலை உண்டு. கேம் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் அதையும் யாராவது புதுப்பிக்க வேண்டும். மேலும், படிவத்தில் மாற்றிய மதிப்பு சர்வர் அடுத்த முறை தொடங்கும்போதுதான் உள்ளே போகும். “சேமித்துவிட்டேன், ஆனால் மாறவில்லை” என்று வரும் டிக்கெட்டுகளுக்கு (உதவிக் கோரிக்கைகளுக்கு) பெரும்பாலும் காரணம் இதுதான். கட்டத்தின் விளக்க வரியிலேயே ‘மறுதொடக்கத்துக்குப் பின் நடைமுறைக்கு வரும்’ என்று எழுதிவிட்டால் பாதித் தொல்லை குறையும்.

மூன்றாவது வழியில்தான் கவனம் அதிகம் தேவை. மைன்கிராஃப்ட் எக்கில், சர்வர் தொடங்குமுன் விங்ஸ் என்னும் பின்னணி நிரல் சர்வர்.ப்ராபர்ட்டீஸ் கோப்பில் போர்ட் எண்ணைத் திருத்தி எழுதிவிடுகிறது. வாடிக்கையாளர் அங்கே வேறு எண்ணைப் போட்டாலும் அடுத்த தொடக்கத்தில் அவருக்கு ஒதுக்கியதே திரும்பிவரும். இதில் யாருக்கும் குறையில்லை. இதே வசதியை ஆட்டக்காரர் எண்ணிக்கைக்கும் பயன்படுத்தி, அதைப் படிவத்தோடு இணைத்துப் பாருங்கள். படிவத்தில் 20 என்றிருக்க, வாடிக்கையாளர் கோப்பில் 40 என்று மாற்றுகிறார், சர்வரை மறுபடி தொடங்குகிறார், கோப்பைத் திறந்தால் மீண்டும் 20. படிவம் என்ற ஒன்று இருப்பதே தெரியாத அவருக்கு, பேனல் தன் வேலையைக் கெடுப்பதாகவே படும்.

ஆகவே கோப்பா படிவமா என்று கேட்பதற்கு முன், ஒவ்வொரு வரியையும் கடைசியாக எழுதுபவர் யார் என்று தீர்மானித்துக்கொள்வேன். ஐபி முகவரியும் போர்ட்டும் எப்போதும் பேனலுக்கே உரியவை. ஆட்டக்காரர் இடங்களின் எண்ணிக்கைக்குக் கட்டணம் வாங்குவதாக இருந்தால் அதுவும் அப்படியே. கடினநிலை, வரவேற்பு வரி போன்றவற்றைப் பேனல் தொடவே கூடாது. அவை கோப்பில் மட்டும் இருக்கட்டும். இடையில் நிற்கும் பார்வைத் தூரம் போன்ற நாலைந்து மட்டும் படிவத்துக்குப் போகலாம், ஆனால் போனபின் அவற்றைப் பேனலே எழுத வேண்டும், விளக்க வரியில் அதைச் சொல்லியும் விட வேண்டும். இருபது கட்டங்கள் கொண்ட படிவம் பார்க்க அழகாக இருக்கலாம். பாதியை ஒருவரும் தொடமாட்டார்கள்.

சர்வரைப் பலர் சேர்ந்து நடத்தும்போது படிவத்துக்கு இன்னொரு பயனும் தெரிகிறது. படிவ மாற்றத்தின் பழைய மதிப்பையும் புதிய மதிப்பையும் டெரோடாக்டிலின் செயல்பாட்டுப் பதிவு குறித்துவைக்கிறது. கோப்பு திருத்தப்பட்டால் கோப்பின் பெயர் மட்டுமே பதிவாகும். துணைப் பயனருக்குத் தரும் அனுமதிகளிலும், படிவம் இடம்பெறும் தொடக்க அமைப்புகளும் கோப்புகளும் தனித்தனி. சர்வரைத் தொலைவிலிருந்து கட்டளையிட்டு இயக்க உதவும் ஆர்கான் (RCON) வசதியின் கடவுச்சொல்லும் அதே சர்வர்.ப்ராபர்ட்டீஸ் கோப்பில்தான் இருக்கிறது என்பதால், பார்வைத் தூரத்தை மாற்ற மட்டும் ஒருவரை அனுமதிக்க விரும்பும் வாடிக்கையாளருக்குக் கோப்பு வழி உதவாது.