வீட்டுக் காணொளிகளுக்கு ஒலி சேர்க்க ஃப்ரீசவுண்ட்: ஒரு மதிப்புரை

வீட்டில் எடுக்கும் காணொளிகளில் படம் பெரும்பாலும் நன்றாகவே அமைந்துவிடுகிறது. கைபேசிக் கேமராக்கள் அந்த அளவுக்கு வளர்ந்துவிட்டன. குறை தெரிவது ஒலியில்தான். மைக்கில் காற்று மோதும் இரைச்சல், கேமராவைப் பிடித்திருப்பவரின் மூச்சு, தூரத்தில் நிற்பவரின் கேட்டும் கேட்காத பேச்சு ஆகியவற்றை மறைப்பதற்காக, பிடித்த பாடல் ஒன்றைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஓடவிட்டுவிடுவது பலரின் வழக்கம். பாட்டு கேட்கிறது, குழந்தையின் சிரிப்பு கேட்பதில்லை. ஆண்டுகள் கழித்துப் பார்க்கும்போது நாம் தேடப்போவது அந்தச் சிரிப்பைத்தான் என்பதால், வீட்டுக் காணொளிக்குப் பின்னணி இசையைவிடச் சுற்றுப்புற ஒலிகளே முதலில் தேவை என்பது என் உறுதியான கருத்து. அந்தத் தேவைக்கு நான் முதலில் நாடும் தளம் ஃப்ரீசவுண்ட்.

பார்சலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இசைத் தொழில்நுட்ப ஆய்வுக் குழு 2005இல் தொடங்கிய தளம் இது. பறவைகளின் விடியற்காலைக் கூச்சல் முதல் பழைய கதவின் கிறீச்சொலி வரை, பல நாட்டவரும் தாங்களே பதிவுசெய்த ஒலிகளை இதில் ஏற்றுகிறார்கள். ஏற்றப்படுவதைச் சரிபார்க்கும் மட்டுறுத்துநர்கள் பார்த்த பிறகே அவை வெளியாகின்றன. கட்டணம் எதுவும் இல்லை. கேட்டுப்பார்ப்பதற்குக் கணக்கு வேண்டியதில்லை, பதிவிறக்குவதற்கு மட்டும் வேண்டும்.

இந்தத் தளத்தின் அருமை தேடலில் தெரிகிறது. மழை என்று மட்டும் தேடினால் முடிவுகள் பக்கம் பக்கமாக வந்து குவியும், அவற்றில் பாதி நம் காட்சிக்குப் பொருந்தாது. ஜன்னல் கண்ணாடியில் விழும் மழை, தகரக் கூரையில் விழும் மழை, இலைகளில் சொட்டும் மழை என்று பரப்பைச் சேர்த்துத் தேடினால்தான் வேண்டியது கிடைக்கும். அதன்பின் கால அளவையும் உரிமத்தையும் வடிகட்டி, மதிப்பீட்டின்படி வரிசைப்படுத்திக்கொள்ளலாம். ஒவ்வொரு ஒலிக்கும் மேலே அதன் அலைவடிவம் வரையப்பட்டிருக்கும்; அதைப் படிக்கப் பழகிவிட்டால் கேட்பதற்கு முன்பே பலவற்றை ஒதுக்கிவிட முடியும். ஒரே சீரான பட்டையாகத் தெரிந்தால் அது நிலையான மழை, காட்சி முழுவதற்கும் அடியில் விரிக்கலாம். இடையிடையே ஊசிபோல முனைகள் எழுந்திருந்தால் அங்கே இடியோ கதவோ பதிவுசெய்தவரின் கை மைக்கில் பட்ட சத்தமோ இருக்கும். மாதிரி வீதம் (நொடிக்கு எத்தனை முறை ஒலி அளவிடப்பட்டது), பிட் ஆழம் (ஒவ்வோர் அளவீட்டின் நுட்பம்), மோனோவா ஸ்டீரியோவா என்ற விவரங்களும் அருகிலேயே உள்ளன. பதிவிறக்கும்போது, ஏற்றியவர் கொடுத்த மூலக் கோப்பே நமக்குக் கிடைப்பதால், தரம் இழக்காமல் ஒலியைச் சேமிக்கும் வேவ் அல்லது ஃப்ளாக் வடிவில் உள்ளவற்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

குறைகளும் உண்டு. ஒலிகளுக்கான குறிச்சொற்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், ஆங்கிலப் பெயர் தெரியாத பொருளின் ஓசையைத் தேடுவது சிரமம். தரமும் ஒரே மாதிரி இல்லை; ஒருவர் நல்ல கருவியில் பதிவுசெய்திருப்பார், அடுத்தவர் கைபேசியில் எடுத்து ஏற்றியிருப்பார். கைபேசியின் சிறிய ஒலிபெருக்கியில் கேட்டு முடிவு செய்தால், அடியில் ஓடும் மின்சார ரீங்காரம் காதில் விழாது, ஆகவே ஹெட்போன் கட்டாயம்.

உரிமம்தான் மிகவும் கவனிக்க வேண்டிய பகுதி. இங்கு ஒவ்வொரு ஒலிக்கும் தனித்தனி உரிமம் இருக்கிறது. இவை கிரியேட்டிவ் காமன்ஸ் எனப்படும், ஆக்கியவர் பிறருக்கு முன்கூட்டியே அனுமதி தரும் பொது உரிமங்கள். ஆக்கியவர் தம் உரிமைகளை விட்டுக்கொடுத்ததைக் காட்டும் சிசி0 என்று குறித்திருந்தால் எந்த நிபந்தனையும் இல்லாமல் பயன்படுத்தலாம். பெயர் குறிப்பிடுதல் உரிமத்தில் உள்ளவற்றுக்கு ஆக்கியவரின் பெயரைக் காணொளியிலோ அதன் விவரக் குறிப்பிலோ தர வேண்டும். வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டும் என்ற மூன்றாம் வகை, குடும்பத்துக்குள் பார்க்கும் காணொளிக்குப் பொருந்தும். விளம்பர வருமானம் பெறும் அலைவரிசையில் அதைச் சேர்க்கக் கூடாது. இன்று வீட்டுக்குள் இருக்கும் காணொளி நாளை பொதுவில் ஏறலாம் என்பதால், தொடக்கத்திலேயே சிசி0 வடிகட்டியை இட்டுத் தேடுமாறு பரிந்துரைக்கிறேன்.

இசைக்கு ஃப்ரீசவுண்ட் ஏற்ற இடமன்று. முழுமையான இசைத்துண்டு வேண்டுமென்றால், 2013 முதல் இருந்துவரும் யூடியூப் ஆடியோ லைப்ரரி வசதியானது. மனநிலை, வகை, கால அளவு ஆகியவற்றைக் கொண்டு தேடலாம், பெயர் குறிப்பிடத் தேவையுள்ளவை தனியே அடையாளமிடப்பட்டுள்ளன. அங்குள்ள மெட்டுகளில் பல ஒன்றுபோல் ஒலிப்பது உண்மையே. எனினும் பாடல்வரி இல்லாத இசை நிறைய இருப்பதால் பேச்சோடு மோதாது. இசையல்லாத ஒலிகளுக்கு இன்னோர் இடமும் உண்டு: பிபிசி 2018இல் தன் 16,000க்கும் மேற்பட்ட ஒலிகளை இணையத்தில் திறந்துவிட்டது. அவை தனிப்பட்ட, கல்வி, ஆய்வுப் பயன்பாட்டுக்கு மட்டுமே என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

கிடைத்த ஒலியை எப்படிச் சேர்க்கிறோம் என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. கடற்கரையில் ஒரு குழந்தை அலையைக் கண்டு பின்வாங்கி ஓடும் காட்சியை எடுத்துக்கொள்வோம். மூல ஒலியில் காற்றிரைச்சல் மிகுந்த பகுதிகளை மட்டும் குறைத்துவிட்டு, குழந்தை கூவும் நொடிகளை அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றுக்கு அடியில் ஃப்ரீசவுண்டில் எடுத்த அலையோசையை ஒரு தனித் தடத்தில் விரிக்க வேண்டும். படத்தில் அலை கால்களைத் தொடும் இடமும் ஓசையில் நுரை சிதறும் இடமும் ஒன்றாக வருமாறு தடத்தைச் சற்றே நகர்த்தினால், ஒட்டுப்போட்டது தெரியாது. அலையோசையைப் படம் தொடங்குவதற்கு ஒரு நொடி முன்பே கேட்கச் செய்தால் காட்சிக்குள் நுழைவது இயல்பாக இருக்கும். ஒலி போதாமல் அதையே திரும்ப இடுவதானால், இரு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து மங்குமாறு சேர்க்க வேண்டும், இல்லையேல் ஒரே அலை மீண்டும் மீண்டும் வருவதைக் காது கண்டுபிடித்துவிடும்.

இசை சேர்ப்பதாக இருந்தால், பேச்சு உள்ள இடங்களில் அதைப் பேச்சைவிட 15 முதல் 20 டெசிபல் வரை தாழ்த்தி வைப்பது என் பழக்கம். கட்டணமின்றிக் கிடைக்கும் ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் உள்ள ஆட்டோ டக் வசதி, பேச்சு வரும்போது இசையைத் தானே தாழ்த்தும். டாவின்சி ரிசால்வ் என்ற காணொளித் தொகுப்பு மென்பொருளின் இலவசப் பதிப்பில் ஃபேர்லைட் என்ற தனிப் பக்கமே ஒலிக்காக இருக்கிறது. காணொளிக்கு 48 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதம் வழக்கமானது. இசைக் கோப்புகள் பல 44.1இல் இருக்கும், தொகுப்பு மென்பொருள் அதை மாற்றிக்கொள்ளும் என்பதால் கவலைப்பட வேண்டாம்.

ஒலியைப் பதிவிறக்கும் அதே வேளையில், அதன் பெயர், ஏற்றியவரின் பயனர்பெயர், உரிமம், பக்க முகவரி ஆகியவற்றை ஒரு கோப்பில் எழுதி, காணொளியின் கோப்புறையிலேயே வைத்துவிட வேண்டும். ஏற்றியவர் பிற்பாடு அந்த ஒலியை நீக்கிவிட்டாலும், கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ் நாம் பெற்ற அனுமதி ரத்தாவதில்லை. யாரேனும் கேள்வி எழுப்பினால் எடுத்துக்காட்ட அந்தக் குறிப்பு கையில் இருக்கும்.