ஒரே ஒரு கிளிக்குக்கு 18,000 கொடுத்தேன்

நேற்று இரவு பதினொரு மணிக்குத்தான் எனக்கு உண்மை தெரிந்தது. அப்போதிலிருந்து தூக்கம் இல்லை. அலுவலக மென்பொருளில் அன்றாடம் வரும் தொல்லைகளை வெளியாள் உதவி இல்லாமல் நாமே எப்படிச் சரிசெய்துகொள்ளலாம் என்று விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் முதலில் இந்த ஆத்திரத்தைக் கொட்டிவிடுகிறேன்.

அண்ணன் நடத்தும் சின்ன வியாபாரத்துக்கு நான்தான் கணக்கு. இருப்பு, பில், பாக்கி எல்லாம் எக்செலில்தான். மாதக் கடைசி நாள். விற்ற எண்ணிக்கையை மாற்றுகிறேன், கீழே கூட்டுத்தொகை அசையவே இல்லை. பழைய எண்ணே நிற்கிறது. ஃபார்முலா சரியாகத்தான் இருந்தது, நூறு தடவை பார்த்துவிட்டேன். மறுநாள் காலை அண்ணனிடம் கணக்கு கொடுக்க வேண்டும். பதற்றத்தில், 'உதவி எண்' என்று தேடினேன். முதலில் வந்த எண்ணுக்கு அடித்தேன். அது பணம் கட்டி மேலே நிற்கும் விளம்பரம் என்று அப்போது கண்ணில் படவில்லை.

எடுத்தவர் அவ்வளவு பொறுமை. "பதறாதீங்க மேடம், இன்னைக்கே முடிச்சிடலாம்" என்றார். தூரத்திலிருந்து திரையை இயக்கும் ஒரு செயலியை இறக்கச் சொன்னார், வந்த எண்ணைப் படிக்கச் சொன்னார், படித்தேன். உள்ளே வந்தவுடன் அவர் செய்த முதல் வேலைதான் என்னைக் கவிழ்த்தது. என் சரக்குக் குறியீடுகளில் முன்னால் இருக்கும் பூஜ்யங்கள் எப்போதும் காணாமல் போகும். 00457 என்று அடித்தால் 457 ஆகிவிடும். நான் கேட்கவே இல்லை, அவராகவே பார்த்து, எண்ணுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போட்டுக் காட்டினார். பூஜ்யம் நின்றது. "இதுக்கெல்லாம் காசு வேண்டாம் மேடம்." ஒரு வருடமாக என்னைப் படுத்திய விஷயம்! விஷயம் தெரிந்த ஆள் என்று அந்த நொடியிலேயே நம்பிவிட்டேன்.

அப்புறம் ஈவென்ட் வியூவரைத் திறந்தார், கணினியில் அவ்வப்போது நடப்பவற்றின் பதிவுகளைக் காட்டும் விண்டோஸ் பகுதி அது. வரிசை வரிசையாகச் சிவப்புக் குறி, மஞ்சள் குறி. "பாருங்க மேடம், எத்தனை வைரஸ். கணக்கு ஓடாததுக்கு இதுதான் காரணம்" என்றார். கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து எதையோ தட்டினார். எழுத்துகள் அருவி மாதிரி ஓடின. எனக்குக் கை சில்லிட்டது. ஒரு வருடத் திட்டம், 18,000. கட்டினேன். இரண்டு நிமிடம் திரை முழுக்கக் கறுப்பு. மறுபடி வெளிச்சம் வந்தபோது கூட்டுத்தொகை சரியாக இருந்தது. நன்றி வேறு சொன்னேன், வெட்கக்கேடு.

ஆறாவது நாள் அதே தொல்லை. அடித்தேன். புகார் எண் கொடுத்தார்கள். மறுநாள் அடித்தேன், "சீனியர் டெக்னீஷியன் கூப்பிடுவார்" என்றார்கள். யாரும் கூப்பிடவில்லை. மூன்றாம் முறை வேறொருவர், "உங்க திட்டம் வைரஸுக்கு மட்டும்தான், எக்செலுக்குத் தனித் திட்டம்" என்றார். 18,000 வாங்கும்போது எக்செலுக்குத்தானே வாங்கினீர்கள் என்று கேட்டதும், "குரலை உயர்த்தாதீங்க மேடம்" என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு மணி அடித்து அடித்து ஓய்கிறது. வங்கியில் கேட்டால், நீங்களே ஒப்புதல் கொடுத்துக் கட்டிய பணம் என்கிறார்கள்.

நேற்று இரவு வேறு வழியில்லாமல் நானே திரையை ஓரம் ஓரமாகப் பார்த்தேன். இடது கீழ் மூலையில் சின்னதாக ஒரு வார்த்தை: 'கால்குலேட்'. அத்தனை நாளும் அங்கேயே இருந்திருக்கிறது! எஃப் 9 பொத்தானை அழுத்தினேன். எல்லா எண்களும் சடசடவென்று மாறின. ஃபார்முலாஸ் பட்டியலில் கால்குலேஷன் ஆப்ஷன்ஸைத் திறந்தால், 'மேனுவல்' என்பதில் டிக், அதாவது நாமே சொன்னால்தான் எக்செல் மறுபடி கணக்குப் போடும். அதை 'ஆட்டோமேட்டிக்' ஆக்கினால் தீர்ந்தது. அந்த இரண்டு நிமிடக் கறுப்புத் திரைக்குப் பின்னால் நடந்தது இந்த ஒரு கிளிக்தான், வேறென்ன இருக்க முடியும்? 18,000!

ஏன் திரும்பத் திரும்ப வந்தது என்பதையும் கண்டுபிடித்தேன். எக்செலைத் தொடங்கியதும் முதலில் எந்தக் கோப்பைத் திறக்கிறோமோ, அதில் மேனுவலா ஆட்டோமேட்டிக்கா என்று இருக்கும் அமைப்பையே எக்செல் எடுத்துக்கொள்ளும். அதற்குப் பின்னால் திறக்கும் கோப்புகளும் அப்படியே நடக்கும். எனக்கு முன்னால் இருந்தவர் செய்த பழைய விலைப்பட்டியல் ஒன்று, ரொம்பப் பெரியது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் திணறுகிறது என்று அதை மேனுவலில் வைத்திருக்கிறார் போல. சில நாள் காலையில் நான் அதைத்தான் முதலில் திறப்பேன். அவ்வளவுதான், வைரஸும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. ஈவென்ட் வியூவரில் சிவப்பும் மஞ்சளும் நன்றாக ஓடும் கணினியிலும் நிறையவே இருக்கும். கறுப்புத் திரையில் ஓடியது 'ட்ரீ' என்ற கட்டளையாகத்தான் இருக்கும். நானே தட்டிப் பார்த்தேன், அதே அருவி. கணினியிலுள்ள கோப்புறைகளின் பெயர்களைப் பட்டியல் போடும், வேறொன்றும் செய்யாது.

விவரமாக எழுத நினைத்தது நிறைய. இப்போது பொறுமை இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். தேடலில் வரும் உதவி எண்ணுக்கு அடிக்காதீர்கள், மென்பொருளுக்கு உள்ளேயே இருக்கும் உதவிப் பகுதியில் பாருங்கள். விண்டோஸின் உண்மையான பிழைச் செய்தியில் தொலைபேசி எண்ணே இருக்காது. திரையை யாரிடமும் கொடுக்காதீர்கள். கொடுத்துத் தொலைத்தீர்கள் என்றால் இணையத்தைத் துண்டித்து, அந்தச் செயலியை நீக்கி, வேறு கணினியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். நான் இதையே நேற்றுத்தான் செய்தேன், பத்து நாள் தாமதமாக. பிரிண்ட் கொடுத்தது வரிசையில் சிக்கினால் அதற்கும் ஆளைத் தேடாதீர்கள், விண்டோஸின் சர்வீசஸ் பட்டியலில் போய், பிரிண்ட் வேலைகளை வரிசையில் வைத்து அனுப்பும் பிரின்ட் ஸ்பூலரை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்.

விலைப்பட்டியலை ஆட்டோமேட்டிக்கில் மாற்றிச் சேமித்துவிட்டேன். கணக்கு இன்று காலை சரியாக வந்தது. "பரவாயில்லையே, தானா சரியாயிடுச்சா?" என்று அண்ணன் கேட்டார். ஆமாம் என்றேன். 18,000 பற்றி இன்னும் அவரிடம் சொல்லவில்லை.