சிஸ்டம்டி ஜர்னலின் முத்திரை வசதி: இலவசம்தான், ஆனால்…

கேமரா, கேட்வே (மற்ற கருவிகளை நெட்டுடன் இணைக்கும் பெட்டி) மாதிரி எப்போதும் நெட்டில் இருக்கும் லினக்ஸ் கருவிகளின் லாக்கில் (நடந்ததை வரிவரியாகக் குறித்துவைக்கும் பதிவு) யாராவது கைவைத்தால் தெரிய வேண்டுமா, லினக்ஸில் லாக்கைச் சேர்த்துவைக்கும் சிஸ்டம்டி ஜர்னலிலேயே இருக்கும் முத்திரை வசதியை முதலில் பாருங்கள். லாக்குக்கு முத்திரை போட கருவியிலுள்ள ரகசியச் சாவி இயல்பாக 15 நிமிடத்துக்கு ஒருமுறை மாறும், பழையது அழிந்துவிடும். அதனால் இன்று உள்ளே புகுந்தவன் நேற்றைய வரியைத் திருத்திவிட்டு மறுபடி முத்திரை போட முடியாது. அருமையான யோசனை. முத்திரையைச் சரிபார்க்கும் இன்னொரு சாவியை மட்டும் வெளியே வையுங்கள் (அதே கருவியில் வைத்தால் எல்லாம் வீண்).

கடைசி 15 நிமிடத்துக்குப் பாதுகாப்பு இல்லை. மொத்த லாக் கோப்பையும் அழிப்பதையும் தடுக்காது, அதற்கு வேறு சர்வருக்கு ஒரு நகல் அனுப்பத்தான் வேண்டும். அப்புறம், கடிகாரச் சிப் இல்லாத மலிவு போர்டில் தேதி பின்னால் போனால் முத்திரையே குழம்பும். அங்கே நான் இதை நம்ப மாட்டேன்.